பாய், பனாட்டு, ஏடு

வீடுகளிலே நாள்தோறும் வழங்கும் பொருள்களை உருவத்தினால் வகுத்து நோக்கின் அவை பெரும்பாலும் இரண்டு கூட்டத்துள் அடங்கும். குடம், பானை, பெட்டி, கடகம் முதலியன தம்முள்ளே ஒன்றைக் கொள்வன. பாய், தடுக்கு, தட்டு, ஏடு முதலியன தம்மேல் ஒன்றைத் தாங்குவன. முன்னவை குழிந்தவை, பின்னவை தட்டையானவை. இவ்விரண்டனுள் குழிந்த பொருள்களுக்கே வரலாற்று நூல்களிற் பேரிடம் கிடைத்திருக்கிறது. சுட்ட மண் எளிதில் அழியாமையே அதற்குக் காரணம். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலே 1970ஆம் ஆண்டில் நிலத்தை அகழ்ந்தபோது பழங்காலத்துக் கறுப்புச் சிவப்பு மட்கல ஓடுகள் வெளிப்பட்டன. அக்கலங்களில் உண்டவர்கள் எத்தகைய பாயில் அமர்ந்தனர், எத்தகைய கூரையின்கீழ் உறங்கினர் என்பதை அவ்வோடுகள் சொல்லமாட்டா. ஓலையும் புல்லும் மண்ணோடு மண்ணாய் மக்கிப்போவன.

ஆதலால் தட்டைப் பொருள்களின் வரலாற்றை நிலத்தை அகழ்ந்து அறிதல் அரிது. வழிவழியாக வந்த தொழில்களையும், நாவில் வழங்கும் சொற்களையும், எஞ்சிய ஏடுகளையும் துணைக்கொண்டே அதனை அறிதல் வேண்டும். அவ்வாறு அறியப் புகுவோர்க்கு ஈழத்து வடபகுதித் தமிழர் வாழ்வு தக்க சான்றாகும். அங்கே வேய்ந்த கூரை, படுத்த பாய், உண்ட பனாட்டு, கற்ற ஏடு ஆகிய நான்கும் ஒரே மரத்தினின்றும் பிறந்தன. நான்கும் தட்டையாக்கப்பட்ட பின்னரே பயன் தந்தன.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிலே பெய்து முடிந்துவிடும். எஞ்சிய காலம் பெரும்பாலும் வெயிற்காலமே. இத்தகைய நிலத்திலே நீர் பாய்ச்சாமலும் உரமிடாமலும் ஓங்கி வளரும் மரம் பனை. வில்லியம் பேர்குசன் என்னும் ஐரோப்பிய ஆய்வாளர் 1850ஆம் ஆண்டிலே கொழும்பில் இம்மரத்தைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் பனையின் பயன்களை 801 எனத் தொகுத்துரைப்பதாக 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நூல்கள் எடுத்துக் கூறுகின்றன. அவையனைத்தையும் எண்ணிப் பார்த்தல் ஈண்டு நோக்கமன்று. பனையோலையின் ஓர் இயல்பை மட்டும் கருதுதல் போதும்.

பனையோலை தட்டையாகப் பிறப்பதன்று. குருத்திலே அது மூடிய விசிறிபோல மடிப்பு மடிப்பாக நெருங்கியிருக்கும். விரிந்த பின்னரும் மடிப்பு முற்றாக மறைவதில்லை. ஒவ்வோர் இதழும் நடுவிலே ஈர்க்கைக் கொண்டு இருபுறமும் சாய்ந்து மடிந்தே நிற்கும். காற்றிலே துவளாது நிமிர்ந்து நிற்க மரத்துக்கு இம்மடிப்பு உதவுகின்றது. மனிதனுக்கோ அது இடையூறு. ஆகவே பனையோலையைக் கையாண்ட தொழில் ஒவ்வொன்றும் அம்மடிப்பை நீக்குவதிலேயே தொடங்கிற்று.

வேலி அடைப்பதற்கும் வீடு வேய்வதற்கும் வெட்டிய ஓலைகளை நிலத்திலே பரப்பிக் காலால் மிதிப்பர். பின்னர் அவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, மேலே பாரமேற்றி வைப்பர். சில நாட்களில் விசிறிபோல் நின்ற ஓலை பலகைபோலப் படிந்துவிடும். அவ்வாறு படிந்த ஓலையே கூரையில் அடுக்கடுக்காகக் கிடந்து மழைநீரை வழியவிடும். வேலியில் நின்று காற்றையும் அயலார் பார்வையையும் மறைக்கும். ஓராண்டோ ஈராண்டோ கழிந்ததும் அக்கூரை பழுதுபடும். அதனைப் பிரித்துப் புதிது வேய்வர். பழைய ஓலையும் வீணாவதில்லை. தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டுப் பயிருக்கு உரமாகும். வேய்தல் ஒரு குடும்பம் தனித்துச் செய்யும் வேலையாகவும் இருக்கவில்லை. உறவினரும் அயலவரும் கூடிவந்து செய்து, ஒருங்கிருந்து உண்டு செல்வர். அழியும் கூரையே அயலவரைக் காலந்தோறும் ஒருங்கு கூட்டிவைத்தது.

பாய்க்கு முற்றிய ஓலை உதவாது. இளமையான சார்வோலையை வெட்டி உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தினால் ஒரே அளவாக வார்ந்து, பதப்படுத்திய பின்னரே பெண்கள் பாய் இழைப்பர். ஒருவர் அமர்ந்து உண்பதற்குத் தடுக்கு, படுப்பதற்குப் பாய், நெல் முதலியவற்றைப் பரப்பிக் காயவிடுவதற்குக் களப்பாய் எனத் தேவைக்கேற்ற அளவுகள் இருந்தன. குளமும் நீர்நிலையும் மிகுந்த மட்டக்களப்புப் பகுதியிலே பன் என்னும் நீர்ப்புல்லால் இழைத்த பாய் புகழ்பெற்றது. நிலத்துக்கேற்ற பாய் என்பதற்கு இவை இரண்டும் சான்று.

இப்பாயினால் பழைய வீட்டின் அமைப்பே வேறாக இருந்தது. கதிரை, மேசை, அலுமாரி என்னும் சொற்கள் போர்த்துக்கேய மொழியினின்றும் தமிழுக்கு வந்தவை. 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. அவர்களோடு வந்த பொருள்கள் தத்தம் பெயர்களையும் உடன்கொண்டு வந்தன. பாய், தடுக்கு, திண்ணை என்பவற்றுக்கோ பிறமொழியிற் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. கதிரையும் மேசையும் அறையினுட் புகுந்தால் அவ்வறை அவற்றுக்கே உரியதாகிவிடும். பாய் அவ்வாறன்று. விருந்தினர் வந்தால் அது விரிக்கப்படும். அவர் சென்றதும் சுருட்டப்பட்டு மூலையிலே சார்த்தப்படும். பகலிலே உண்ணுமிடமாயிருந்த விறாந்தை இரவிலே உறங்குமிடமாயிற்று. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அதுவே சபையாயிற்று. சிறிய வீட்டிலே பெரிய குடும்பம் வாழ்ந்ததற்குப் பாயின் தட்டைமையும் ஒரு காரணம் எனலாம்.

பாயின்மேலே பிறந்த உணவு பனாட்டு. ஆடி, ஆவணி மாதங்களிலே பனம்பழம் பழுத்து விழும். விழுந்த பழம் சில நாட்களிலே கெட்டுவிடும். ஒரு குடும்பம் உண்டு தீர்க்க இயலாத அளவு பழம் ஒரே காலத்தில் வந்து குவிவதே பனை தந்த இடர். அவ்விடரைத் தீர்க்கும் வழியும் தட்டையாக்குதலிலேயே கிடைத்தது. பழத்தைத் தோலுரித்துப் பிசைந்து, தும்பு நீங்கக் களியை வடித்தெடுத்து, உயரமான பந்தரின்மேல் விரித்த பாயிலே மெல்லியதாகப் பரவுவர். அது வெயிலிற் காய்ந்ததும் அதன்மேல் மறுபடியும் களியை ஊற்றுவர். இவ்வாறு நாள்தோறும் படைமேற் படையாக ஏற்றி, வேண்டிய தடிப்பு வந்ததும் பாயினின்றும் உரித்தெடுப்பர். அதுவே பனாட்டு. துண்டு துண்டாக வெட்டி ஓலைப் பெட்டியிலே சேமித்தால் அது மாரிகாலத்துக்கும் உதவும். பனம்பாணியிலே ஊறவைத்தால் பாணிப்பனாட்டாகும்.

கூரை, பாய், பனாட்டு ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் பொதுவான இயல்புகள் சில புலப்படும். மெல்லியதாகப் பரப்பிய பொருள் வெயிலை எளிதில் ஏற்றுக் காய்கின்றது. காய்ந்த பொருள் கெடாது நிற்கின்றது. தட்டையான பொருளை அடுக்கலாம், சுருட்டலாம், சிறிய இடத்தில் மிகுதியாகச் சேர்க்கலாம். இவை நன்மைகள். ஆயின் இம்மூன்றும் நீண்டகாலம் நிலைப்பன அல்ல. கூரை பழுதாகும், பாய் கிழியும், பனாட்டு உண்டு தீரும். அவற்றை இடையறாது புதிதாக்கிக் கொண்டிருந்தமையினாலேயே அவை என்றும் உள்ளனபோலத் தோன்றின. நிலைத்து நின்றவை அவற்றைச் செய்யும் பழக்கமும், செய்யும் கைகளுமே.

இவ்வுண்மை முற்றும் பொருந்திய நான்காவது பொருள் ஏடு. அதனிடத்திலேதான் புதிதாக்கும் பழக்கம் அறுந்தபோது நேர்ந்த இழப்பும் பெரிதாயிற்று.

ஏடு செய்யும் முறை பாய் செய்யும் முறையின் நுட்பமான வடிவமே. அளவான பருவத்து ஓலையைத் தெரிந்தெடுத்து, உலர்த்தி, வேகவைத்து மறுபடியும் உலர்த்தி, வழுவழுப்பான கல்லினாலோ சங்கினாலோ தேய்ப்பர். மடிப்பு நீங்கி ஓலை கண்ணாடிபோற் படியும். ஈர்க்கை நீக்கி, ஓரங்களை ஒரே அளவாக வார்ந்து, துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடியாகும். தமிழர் பனையோலையைப் பெரிதும் பயன்படுத்தினர். ஈரவலயத்துச் சிங்கள மக்கள் தாளிப்பனையின் அகன்ற ஓலையைக் கொண்டு ஏடுகள் ஆக்கினர். அவர்களுடைய விகாரைகளிலே பௌத்த நூல்கள் அவ்வேடுகளிலேயே காக்கப்பட்டன. மரம் வேறாயினும் ஓலையைத் தட்டையாக்கி அறிவைத் தாங்கச் செய்த தொழில் இரு சாராருக்கும் பொதுவாயிற்று.

ஓலையிலே மையினால் எழுதுவதில்லை. எழுத்தாணியினாற் கீறிப் பின்னர் விளக்குக்கரியும் பச்சிலைச் சாறும் பூசித் துடைப்பர். கீறிய கோட்டிலே கரி தங்கி எழுத்து விளங்கும். ஓலையின் நார் நீளவாக்கிலே ஓடுவது. அந்நாரின் வழியே நீண்ட கோடு கீறினால் ஓலை பிளக்கும். தென்னிந்திய, சிங்கள எழுத்துக்கள் வளைந்து உருண்டமைக்கு இஃதொரு காரணம் என்று அறிஞர் பலர் கருதுவர். ஓலையிலே புள்ளி குத்தினால் துளை விழும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது எழுதும் வழக்கமும் பரவியிருந்தது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேற்றுமை தோன்றாது. ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை தோன்றாது. எகர ஏகார, ஒகர ஓகார வேற்றுமையைத் தெளிவாகக் காட்டும் வரிவடிவத்தைப் பரப்பிய பெருமையை 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர்க்கு உரியதாக்குவர்.

இடச் சுருக்கமும் ஏட்டின் இயல்பு. ஓலை நீளத்தில் மிக்கது, அகலத்திற் குறுகியது. ஆதலின் எழுதுவோர் சொல்லுக்குச் சொல் இடம் விடார். அடிக்கு அடி வரி பிரியார். நிறுத்தக் குறியும் இடார். செய்யுளும் உரையும் ஒரே தொடராக ஓடும். அதனைப் படித்தறிய வேண்டுமாயின் ஆசிரியர் ஒருவர் அருகிருந்து ஓசையோடு சொல்லிக்கொடுத்தல் வேண்டும். ஏடு மட்டும் கையிலிருந்தாற் போதாது. ஏட்டை ஒலிக்கும் நாவும் வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு அந்நாளில் இருந்த மதிப்புக்கு இதுவும் காரணம்.

நன்கு பேணிய ஏடு இரண்டு மூன்று நூற்றாண்டு நிற்கலாம். பேணாத ஏடு அதனினும் விரைவில் அழியும். வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நாட்டிலே இராமபாணப் பூச்சியும் செல்லும் ஏட்டுக்குப் பகைகள். எனவே, ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலே எழுதிவைத்தனர். ஆயிரம் ஆண்டு, ஈராயிரம் ஆண்டு பழமையான தமிழ் நூல்கள் இன்று கிடைப்பது அவற்றின் முதல் ஏடுகள் எஞ்சியமையாலன்று. பெயர் அறியப்படாத எண்ணிறந்தோர் பெயர்த்தெழுதியமையாலேயே அவை கிடைத்தன. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று பழமொழி அவர்களைக் குறைகூறும். அவர்கள் எழுதாதிருந்தால் குறைகூறுவதற்கும் ஒரு பாட்டு எஞ்சியிராது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டிலே காகிதமும் அச்சும் இந்நிலையை மாற்றின. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் அச்சியந்திரம் நிறுவினர்; 1841ஆம் ஆண்டில் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் பெற்று வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் அமைத்தார். சிறுவர் பாடநூல்களும் சைவ நூல்களும் இலக்கண நூல்களும் பிழை திருந்திய பதிப்புக்களாக வெளிவந்தன. ஏட்டில் இடமின்றி நெருங்கிக் கிடந்த தமிழ் காகிதத்திலே சொல் பிரிந்து, பத்தி பிரிந்து, குறியீடுகளோடு விளங்கிற்று.

நாவலர் காட்டிய வழியிலே பெருந்தொண்டு செய்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1832ஆம் ஆண்டிற் பிறந்த அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். உயர்ந்த உத்தியோகம் வகித்த அவர் தமது பொருளையும் ஓய்வையும் ஏடு தேடுவதிலே செலவிட்டார். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவராற் பதிப்பிக்கப்பெற்றன. தமக்குக் கிடைத்த ஏடுகள் தொட்ட அளவிலே ஓரம் உதிர்ந்தமையையும், பூச்சி அரித்து எழுத்து அழிந்தமையையும் அவர் தம் பதிப்புரையிலே வருந்தி எழுதியிருக்கிறார். அவர் காலத்திலேயே உ. வே. சாமிநாதையர் தமிழகத்து ஊர்தோறும் சென்று தேடி 1887இலே சீவகசிந்தாமணியையும் 1892இலே சிலப்பதிகாரத்தையும் 1894இலே புறநானூற்றையும் பதிப்பித்தார். பழைய ஏடுகளைத் தீயிலிட்ட செய்தியும் ஆற்றிலிட்ட செய்தியும் அவர் எழுத்துக்களிற் காணப்படுகின்றன.

ஈண்டு ஒரு முரண்பாடு கருதத்தக்கது. அச்சு சில நூல்களைக் காத்தது. அதே அச்சு ஏடு எழுதும் தொழிலை நிறுத்திற்று. அச்சேறிய நூலுக்கு இனி அழிவில்லை என்று மக்கள் கருதினர். அச்சேறாத நூலையோ பெயர்த்தெழுத ஆளில்லாது போயிற்று. எழுத்தாணியும் சத்தகமும் பழகிய கைகள் குறைந்தன. முந்திய தலைமுறையினர் பெட்டியிலே வைத்த ஏடு பெட்டியிலேயே கிடந்தது. புதிதாக வேயப்படாத கூரைக்கு நேர்வது எதுவோ அதுவே அவ்வேட்டுக்கும் நேர்ந்தது.

வழக்கிலிருந்த ஏடுகள் மட்டும் தப்பின. மட்டக்களப்புப் பகுதியிலே கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசித் திங்களிலே கண்ணகி வழக்குரையைப் பாடும் மரபு உண்டு. பாடுவோர் இருந்தமையால் ஏடும் பேணப்பட்டது. பழுதானபோது பெயர்த்தும் எழுதப்பட்டது. பின்னாளிலே பண்டிதர் வீ. சீ. கந்தையா அதனை ஆராய்ந்து நூலாகப் பதிப்பிக்க இயன்றது அதனாலேயே. வைத்திய நூல்களும் அவ்வாறே. பரிகாரிமார் கையிலே புழங்கிய பரராசசேகரம் என்னும் வைத்திய நூலை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அச்சேற்றினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கறிக்கு உதவிய ஏடே காலத்தை வென்றது என்பது வரலாறு காட்டும் உண்மை.

அச்சேறிய நூலுக்கும் அழிவுண்டு என்பதை யாழ்ப்பாணம் 1981ஆம் ஆண்டிலே கண்டது. 1959இலே புதிய கட்டடத்தில் திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொதுநூலகம் அவ்வாண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு தொடங்கித் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் இருந்தன. பிற நூலகங்களிலும் படியுடைய அச்சு நூலை மறுபடியும் பெறலாம். வேறு படியில்லாத ஏடு எரிந்தால் அதிலிருந்த நூலும் அதனோடு போயிற்று. நூலகம் மீண்டும் கட்டப்பட்டு 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே படிப்போர்க்குத் திறக்கப்பட்டது. கட்டடத்தை மீட்கலாம், பெயர்த்தெழுதப்படாத ஏட்டை மீட்க வழியில்லை. அதற்குப் பின்னர் நிகழ்ந்த நீண்ட போரிலே இடம்பெயர்ந்த குடும்பங்கள் கைவிட்டுச் சென்ற பெட்டிகளுள் எத்தனை சுவடி இருந்தன என்பதை எண்ணியுரைக்க வல்லார் எவருமிலர்.

இன்று ஏட்டைப் பெயர்த்தெழுதும் வேலையை ஒளிப்படக் கருவி செய்கின்றது. 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சுவடிகளையும் எண்ணிம வடிவிற் சேர்த்து வருகின்றது. ஒரு காலத்திலே ஓலையிலும், பின்பு காகிதத்திலும் தங்கிய எழுத்து இப்பொழுது கண்ணாடித் திரையிலே தோன்றுகின்றது. திரையும் தட்டையானதே. அதற்குரிய விதியும் பழைய விதியே. கருவிகள் பழுதாகும், பதிவு முறைகள் மாறும், காலந்தோறும் ஒருவர் பழையதினின்றும் புதியதற்குப் பெயர்த்து வைத்தல் வேண்டும். இம்முறையினால் விளையும் நன்மை ஒன்று உண்டு. ஏட்டை வைத்திருப்போர் அதனைப் பிறர்க்குக் கொடுத்து இழக்க வேண்டியதில்லை. படம் எடுத்தபின் ஏடு அவ்வீட்டிலேயே இருக்கலாம்.

ஆகவே வீட்டிலே பழைய சுவடியைக் காணும் நேயர்கள் அதனை அவசரப்பட்டுப் பிரிக்காதிருத்தல் நன்று. உலர்ந்த ஏடு விரலிலே முறியும். நீரால் கழுவுதலும் வெயிலிலே காயவிடுதலும் கேடு தரும். ஈரம் படாத இடத்திலே துணியாற் பொதிந்து வைத்து, பல்கலைக்கழகத்தாருக்கோ நூலகத்தாருக்கோ அறிவித்தலே தக்கது. அதில் எழுதியிருப்பது பேரிலக்கியமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஒரு சாதகம், ஒரு மருந்துக் குறிப்பு, ஒரு காணியின் எல்லை, ஒரு கூத்துப் பாட்டு ஆகிய எதுவும் ஒரூரின் வரலாற்றுக்குச் சான்றாகலாம்.

ஏடு முற்றாக மறைந்துவிடவும் இல்லை. விசயதசமி நாளிலே யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கு ஏடு தொடக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பாயிலே பெரியவர் மடியிலிருக்கும் பிள்ளையின் முன்னே தட்டிலே அரிசி பரப்பப்படும்; மஞ்சள் பூசிய சிறிய பனையோலை ஏடு கையிலே கொடுக்கப்படும். பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே அகரம் எழுதுவிப்பர். அரிசியில் எழுதிய அவ்வெழுத்து அன்றே கலைந்துவிடும். மறுநாளும் எழுதினாலன்றி அது பிள்ளைக்கு உரியதாகாது.